நெற்றியில் ஊதிய மூச்சு

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்த தும்மல் நினைவிருக்கிறதா? அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தும்மியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார், குழந்தை திடுக்கிட்டுக் கண்ணை உருட்டியது, எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

இந்த வாரம்தான் கதவைத் திறந்து உள்ளே வருகிறவர்களுக்கு வீட்டு ஆட்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்பா, வாயால் ஊதுகிற வாத்தியங்களைப் பழுதுபார்க்கிறவர். கீழே கடை, மாடியில் வீடு. அக்கா அவருடைய மூத்த மகள். கடைக்கு முன்பக்கமும் வீட்டுக்கு எல்லாப் பக்கமும் அவள் பொறுப்பு. தம்பி அவளை 'மானேஜர்' என்று கேலி செய்வான், ஆனால் சட்டைப் பொத்தான் தொலைந்தாலும் அவளைத்தான் தேடுவான். தூரத்து ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன், வீட்டில் விருந்தாளி மாதிரி. அவன் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். குளத்துப் பிள்ளைகள் கூப்பிடும் 'கோச்' என்ற பேர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கடைசியாக, குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே அவசர அவசரமாக வந்து சேர்ந்த பொடிசு.

அன்று காலை பொடிசு பாலைப் பாதியிலேயே விட்டுவிட்டான்.

"ரெண்டு உறிஞ்சு உறிஞ்சுறான், விட்டுடுறான்," என்றாள் கோச். "மூச்சு வாங்கிட்டுத் திரும்ப வர்றான். பசிக்குது, ஆனா குடிக்க முடியலை. அழக்கூடத் தெம்பில்லைக்கா."

"மூக்கடைப்பா இருக்கும். அப்பாவுக்கு ஒரு வாரமா சளி. வீட்டுல எல்லாருக்கும் ஒரு சுத்து வந்துட்டுத்தான் போகும்."

"விலாவுக்குக் கீழ பாருங்க. உள்ள இழுக்குது."

அக்கா குனிந்து பார்த்தாள். சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பள்ளம் விழுந்து விழுந்து நிரம்பியது. பார்த்ததும் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சட்டையை இழுத்து மூடிவிட்டாள்.

"பச்சைக்குழந்தை மூச்சு அப்படித்தான் இருக்கும்."

"எங்கிட்ட முதல்நாள் தண்ணியில இறங்குற பிள்ளைங்க இப்படித்தான் இழுக்கும், மூழ்கிடுவோமோன்னு பயந்து." கோச் குழந்தையின் மார்பில் விரலை வைத்தாள். "இவன் எந்தத் தண்ணியில இருக்கான்?"

"காலங்காத்தால என்ன பேச்சு இது! நீதான் மாசமா இருக்கும்போதே நெஞ்சுச் சளிக்கு ஊசி போட்டுக்கிட்டியே. உனக்குப் போட்டா அது வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் போய்ச் சேரும், பிறந்து பல மாசம் காவல் நிக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன? வெறும் சளி. போய்க் கொஞ்சம் படு."

அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. கோச் தலையாட்டினாள். ஆனால் படுக்கப் போகவில்லை.

கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பா வந்தார். மாடிப்படி ஏறியதற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவருக்குப் பழைய இளைப்பு உண்டு. கடைக்கு எதிரே உள்ள சின்ன கிளினிக்கில் கோச்சுக்குப் போட்ட அதே தடுப்பூசியை வயதானவர்களுக்கும் போடுகிறார்கள் என்று அக்கா இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இந்த நெஞ்சால எத்தனை ட்ரம்பெட்டுக்கு உயிர் கொடுத்திருக்கேன், எனக்கு எவன் ஊசி போடறது?" என்று கையை உதறிவிட்டார். ஊசி என்றால் அவருக்குப் பயம். அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"என்னடா பொடிசு, முனகல்?" என்று தொட்டில்மேல் குனிந்தார். உதட்டைக் குவித்து, பேரனின் நெற்றியில் மெல்ல, நீளமாக ஊதினார்.

அது அவர் கண்டுபிடித்த வித்தை. விக்கல் வந்தாலும் அழுதாலும் நெற்றியில் ஒரு ஊது. குழந்தை கண் சொக்கி அடங்கிவிடும். வீடே அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

இன்றும் பொடிசு அடங்கினான்.

"பாத்தியா? நான் ரிப்பேர் பண்ணது எதுவும் திரும்ப வந்தது கிடையாது." சிரிக்கப் போனவர் இருமலில் மாட்டிக்கொண்டார்.

கோச் மட்டும் சிரிக்கவில்லை. இது அடங்கின மாதிரி இல்லை, அசந்துபோன மாதிரி இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. மாமனாரிடம் அதை எப்படிச் சொல்வது?

கடையில் அன்றைக்கு வேலை குவிந்து கிடந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியங்கள் போன வாரமே பாதி வந்துவிட்டன, மீதி இன்று வந்தன. கொண்டுவந்தவர் அந்தப் பள்ளியின் பாட்டு டீச்சர். முகக்கவசம் போட்டிருந்தார், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

அப்பாவுக்கு ஒரு தொழில்முறை இருந்தது. எந்த வாத்தியம் வந்தாலும் கழுவுவதற்கு முன் ஊதிப் பார்ப்பார். கழுவினால் கோளாறு இடம் மாறி ஒளிந்துகொள்ளும், அழுக்கோடு ஊதினால்தான் அது உண்மை பேசும் என்பது அவர் கட்சி. மற்ற கடைக்காரர்கள் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் தொடுவார்கள். இவர் கைத்துண்டால் ஊதுவாயை ஒரு துடை துடைப்பார், வாயில் வைப்பார். போன வாரமும் அப்படித்தான், ஒரு பள்ளிக்கூடத்து வாய்கள் அத்தனையும் தொட்டதை ஒவ்வொன்றாக ஊதினார். மாலையில் மாடிக்குப் போய்ப் பேரன் நெற்றியிலும் ஊதினார்.

இன்றைய முதல் ட்ரம்பெட்டை அவர் எடுத்ததுமே டீச்சர் பதறினார்.

"ஐயா, அதை வாயில வைக்காதீங்க! பேண்டுல பாதிப் பிள்ளைங்க சளி இருமல்னு படுத்திருக்கு."

"அதனால என்ன? வாத்தியத்துக்குச் சளியான்னு பாக்கறேன்," என்று ஊதினார். ஸ்வரம் பாதியில் உடைந்தது. உடைந்தது வாத்தியம் இல்லை, மூச்சு. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லை. என் தங்கச்சி குழந்தை ஆஸ்பத்திரியில இருக்கு. ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸாம். எனக்கு வந்தப்ப வெறும் ஜலதோஷம்னு நினைச்சேன். நான் தூக்கிக் கொஞ்சினேன், அதுக்கு மூச்சுத் திணறல் வந்துடுச்சு."

"அடப்பாவமே! எங்க வீட்டுலயும் கைக்குழந்தை இருக்கு. நல்லவேளை, எங்க தம்பி மனைவி மாசமா இருக்கும்போதே அதுக்கு ஊசி போட்டாச்சு."

"தங்கச்சிக்கும்தான் போட்டாங்க."

அக்கா கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்புறம் எப்படி?"

"ஊசி போட்டு, அம்மா உடம்புல எதிர்ப்புச் சக்தி உண்டாகி, அது குழந்தைக்குப் போய்ச் சேர ரெண்டு வாரமாவது வேணுமாம். இவளுக்கு அதுக்குள்ளயே பிரசவம் ஆயிடுச்சு. அப்படிப் பிறந்தா குழந்தைக்கு நேராவே ஒரு ஊசி உண்டாம். எங்களுக்குத் தெரியாமப் போச்சு. உங்க வீட்டுல ஊசி போட்டு எத்தனை நாள் கழிச்சுப் பிறந்துச்சு?"

அக்கா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

பதில் அவளுக்குத் தெரியும். ஊசி போட்ட அன்று கோச்சுக்குக் கை வலித்தது. அந்த வலி ஆறிய வாரத்திலேயே இடுப்பு வலி வந்துவிட்டது. கார் பிடித்ததும், பை தூக்கியதும், கையெழுத்துக்குப் பேனா தேடியதும் அவள்தானே.

ஆனால் அவள் கண்முன் வந்து நின்றது அது இல்லை. பிரசவ வார்டின் மத்தியானம் வந்து நின்றது.

கோச் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தார். பரிசோதனைக்காகக் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அப்போதுதான் முடிந்திருந்தது. அது அழுத அழுகை அக்காவுக்கு ஈரக்குலையை உருவியது. அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் வந்தாள்.

"குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. ஊசி போடலாமான்னு அம்மாகிட்ட கேக்கணும்."

"அம்மாவுக்குத்தான் போட்டாச்சே."

"எப்பப் போட்டதுன்னு பாக்கணும். ரொம்பக் கிட்டக்கப் போட்டிருந்தா குழந்தைக்கும் போடறது நல்லது. அவங்க எழுந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்றீங்களா?"

"சொல்றேன்," என்றாள் அக்கா.

நர்ஸ் போனதும் குழந்தையின் காலைப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. அதில் இன்னொரு ஊசியா?

"எழுப்பிக் கேட்டுடும்மா," என்று ஜன்னல் ஓரத்திலிருந்து அப்பா சொன்னார்.

"ஒரே நோய்க்கு ரெண்டு ஊசி எதுக்குப்பா? பிஞ்சுக் கால். நான் பாத்துக்கறேன், விடுங்க."

பார்த்துக்கொண்டாள். கோச் எழுந்ததும் கஞ்சி கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், நர்ஸ் சொன்னதைச் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. மறுநாள் வந்தது வேறு நர்ஸ். அதற்கு மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு குத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் உண்டு.

"அம்மா? எத்தனை நாள்னு கேட்டேன்," என்றார் டீச்சர்.

அதற்குள் மாடியிலிருந்து கோச்சின் குரல் வந்தது. அது அலறல் இல்லை. குளத்தின் மறுகரையில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரல்.

"அக்கா! மேல வாங்க! மூச்சு நிக்குது இவனுக்கு!"

அக்கா படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கோச் குழந்தையை முன்கையில் கிடத்தி, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொடிசின் உதட்டைச் சுற்றி வெளிறிப்போய், சாம்பல் பூத்திருந்தது. பிறகு ஒரு விக்கல் மாதிரி உடம்பு குலுங்கி, மூச்சு திரும்பி வந்தது. வந்தது, ஆனால் வேகவேகமாக, தலையை ஆட்டி ஆட்டி.

"நின்னு நின்னு வருதுக்கா. இப்ப ரெண்டாவது தடவை."

"கிளம்பு. ஒண்ணும் எடுக்காதே, கிளம்பு."

அப்பா வாசலில் நின்றார். பேரனைப் பார்த்ததும் அவர் உதடு தானாகக் குவிந்தது. நெற்றியை நோக்கிக் குனிந்தார்.

"ஊதாதீங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் அப்பா இரண்டடி பின்னால் போனார். அவள் அவரிடம் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. அவர் கம்பளித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், அதன்பிறகு எடுக்கவே இல்லை.

டீச்சரே எல்லோரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குழந்தையின் விரலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற சின்னக் கவ்வியை மாட்டினார்கள். ரத்தத்து ஆக்ஸிஜனைக் காட்டும் எண் திரையில் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. மூக்கில் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சினார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், பஞ்சுக்குச்சியால் மூக்கில் தடவிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிஞ்சுக் காலில் குத்து விழக்கூடாது என்று நினைத்தவள், கையிலும் காலிலும் நரம்பு தேடித்தேடிக் குத்துவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். பொடிசு ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

தம்பி போன் செய்தான். பின்னால் லாரியின் உறுமல்.

"அக்கா, திரும்பிட்டேன், வந்துக்கிட்டிருக்கேன். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. மானேஜர் இருக்கே, அந்த ஒரு தைரியத்துலதான் ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன்."

"மெதுவா வாடா," என்றாள்.

டாக்டர் வெளியே வந்தார். இளவயதுப் பெண். நல்ல செய்தி வைத்திருப்பவர் நடக்கிற மாதிரி அவர் நடக்கவில்லை.

"ஆர்.எஸ்.வி.தான். நுரையீரல்ல சின்னச் சின்னக் குழாய் எல்லாம் வீங்கி அடைச்சிருக்கு. இந்த வைரஸைக் கொல்ல நேரடியா மருந்து கிடையாது. மூச்சுக்கு நாங்க துணையா நிப்போம், அவன் உடம்புதான் போராடணும். இனிமேதான் கஷ்டமான நேரம். அடிக்கடி மூச்சு நின்னா மெஷின்ல வைக்க வேண்டி வரும்."

கோச் கேட்டது ஒன்றுதான். "நான் ஊசி போட்டுக்கிட்டேனே, டாக்டர்?"

"பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்னாடி?"

"எட்டு நாள்."

டாக்டர் குரலைத் தணித்தார். "உங்க தப்பு இல்லை. நீங்க சரியான நேரத்துலதான் போட்டுக்கிட்டீங்க, இவன்தான் அவசரப்பட்டு முன்னாடியே பிறந்துட்டான். அந்த எதிர்ப்புச் சக்தி இவனுக்குப் போய்ச் சேர நேரம் பத்தலை. பிறந்ததும் குழந்தைக்கே ஒண்ணு போட்டிருப்பாங்களே?"

"இல்லையே. அப்படி ஒண்ணு இருக்கா?"

"இப்பப் போடலாமா?" அக்கா முந்திக்கொண்டாள். "இப்பவே போடுங்க, டாக்டர். எத்தனை வேணும்னாலும் போடுங்க."

"அது வராம தடுக்கறதுக்கும்மா. வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை." டாக்டர் கோச்சிடம் திரும்பினார். "பிரசவ வார்டுல யாராவது கேட்டிருக்கணுமே. யாரும் கேக்கலையா?"

"கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" கோச்சின் குரல் முதல்முறையாக உடைந்தது. "அக்கா, நீங்கதானே கூடவே இருந்தீங்க. யாராவது வந்து கேட்டாங்களா?"

கேட்டார்கள் என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்கா வாயைத் திறந்தாள். கோச்சின் கண்ணைப் பார்த்தாள். பிரசவ வலியிலும் தன்னைத் தவிர யாரையும் தேடாத கண்.

"இல்லையேம்மா," என்றாள். "யாரும் கேட்ட மாதிரி ஞாபகம் இல்லை."

"அக்காவுக்கே தெரியலைன்னா யாருமே கேட்டிருக்க மாட்டாங்க, டாக்டர்," என்றாள் கோச் உடனே.

"கேட்டாங்க."

துண்டுக்குள்ளிருந்து வந்த குரல். சுவரோரமாக எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்ற அப்பா, வாயை மூடியபடியே பேசினார்.

அக்கா அவர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"ஒரு நர்ஸ் வந்து கேட்டுச்சு. நீ தூங்கிட்டிருந்தே. உங்கக்கா அப்ப வெளிய போயிருந்தா." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன். எனக்குத்தான் ஊசின்னாலே ஆகாதே. உனக்குத்தான் தெரியுமே."

நம்பும்படியான பொய். ஊசிக்குக் கையை உதறுகிற மனிதர் என்று வீட்டுக்கே தெரியும். மூத்த மகளைக் காப்பாற்ற அவரிடம் இருந்தது அந்தக் கெட்ட பேர் ஒன்றுதான், அதை எடுத்து நீட்டிவிட்டார்.

கோச் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் போட்டுக்கலை. என் பிள்ளைக்கும் போடவிடலை." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்த மூச்சை வெச்சுக்கிட்டுத் தினம் வந்து அவன் மூஞ்சியில ஊதினீங்க, மாமா."

அப்பா ஏதோ சொல்லப் போனார். இருமல் வந்தது. வந்தது போகவில்லை. வாயைப் பொத்திய கையோடு அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தார். துண்டு விலகியபோது அவர் உதட்டிலும் காலையில் பொடிசின் உதட்டில் பார்த்த அதே சாம்பல் நிறம்.

டாக்டர் குரல் கொடுத்தார். தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் தூக்கிக் கிடத்தினார்கள். வண்டி நகரும்போது அப்பா அக்காவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும், மிகச் சின்னதாக ஒருமுறை அசைத்தார். சொல்லாதே.

அவள் பின்னால் ஓடத்தான் போனாள். கோச் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் தவிக்கிற பிள்ளையைப் பிடித்து இழுத்துப் பழகிய கை, அந்தப் பிடியில் அசைய முடியவில்லை.

"அவர் இனிமே என் பிள்ளை பக்கத்துல வரவே கூடாதுக்கா. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அக்கா தலையாட்டினாள்.

"நீங்க மட்டும் என்கூட இருங்க. எனக்கு வேற யாரையும் நம்ப முடியலை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொடிசின் மார்பு பள்ளம் விழுந்து விழுந்து நிரம்பியது. நடைபாதையின் கோடியில், மூடிய கதவுக்குப் பின்னால் அப்பாவின் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா ஒரு காதை அங்கேயே வைத்திருந்தாள். கேட்கிற வரைக்கும் அவர் இருக்கிறார், அவர் இருக்கிற வரைக்கும் உண்மையைச் சொல்ல நேரம் இருக்கிறது.

இருமல் நின்றது.

அவள் அந்தக் கதவை நோக்கி ஓடப் பார்த்தாள். கோச் பிடித்த கையை விடவில்லை.